வதனியின் கையெழுத்து

2009ஆம் ஆண்டு ஏப்ரல் மாத நடுப்பகுதியில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. என் மனைவி உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் நான் இருந்த நாட்கள் அவை. அந்தக் கடிதம் அவளுடைய கையெழுத்தைக் கேட்டது.

என் பெயர் அருள்ராஜ். உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கதிரைகளை மடித்து அடுக்குகிறவன் நான்தான். என் மனைவி வதனியையும் உங்களுக்குத் தெரியும். அவள் அதிகம் கதைக்க மாட்டாள். இன்றைக்கு நான் சொல்லப்போவது எங்கள் இரண்டு பேருக்கும் நடந்தது. அதனால் அவளிடம் அனுமதி கேட்டேன். "சொல்லுங்கோ. ஆனா கூட்டிச் சொல்லாதேங்கோ," என்றாள். நடந்ததை நடந்தபடியே சொல்லப் பார்க்கிறேன். பல இடங்களில் எனக்கே விளங்காமல் இருக்கிறது. அதையும் விளங்கவில்லை என்றே சொல்கிறேன்.

நான் தொண்ணூறுகளில் அகதியாக ரொறன்ரோவுக்கு வந்தவன். பிறகு குடியுரிமை கிடைத்தது. சமாதான காலத்தில், 2005இல், பாதை திறந்திருந்தபோது வன்னிக்குப் போனேன். கிளிநொச்சியில் ஒரு முன்பள்ளியில் ஆசிரியையாக இருந்த வதனியை எனக்குப் பேசினார்கள். கல்யாணம் நடந்தது. ஏழு கிழமை ஒன்றாக இருந்தோம். பிறகு நான் திரும்பி வந்தேன்.

திரும்பி வந்த கையோடு அவளைக் கனடாவுக்குக் கூப்பிடுகிற பத்திரங்களை அனுப்பியிருக்க வேண்டும். நான் அனுப்பவில்லை. ஒரு நிரந்தர வேலையை எடுத்துக்கொண்டு கூப்பிடுவோம் என்று நினைத்தேன். அடுத்த ஆண்டு ஓகஸ்ட் மாதம் சண்டை திரும்பத் தொடங்கி, வன்னிக்குப் போகிற பாதையைப் பூட்டினார்கள். அதன் பிறகு அவள் வெளியே வருவதென்பது நினைத்துப் பார்க்க முடியாத காரியமாகிவிட்டது. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய பிழை எது என்று கேட்டால் அந்த ஒரு வருஷத்தைத்தான் சொல்வேன்.

2008இல் ஒருவழியாக விண்ணப்பப் படிவங்களை அவளுக்கு அனுப்பிவைத்தேன். அவள் கையெழுத்து வைத்து, கை மாறிக் கை மாறி, எப்படியோ எனக்கு வந்துசேர்ந்தது. நான் என் பங்கையும் நிரப்பி, கட்டாகக் கட்டி, மிசிசாகாவில் இருக்கும் குடிவரவு அலுவலகத்துக்கு அனுப்பினேன். கட்டில் ஒரு தாள் குறைந்ததை நான் கவனிக்கவில்லை.

டிசம்பரில் அவள் ஒரு தடவை தொலைபேசியில் கோல் எடுத்தாள். எங்கோ இடம்பெயர்ந்து இருக்கிறோம் என்றாள். இடத்தின் பெயரைச் சொன்னாள், இரைச்சலில் விளங்கவில்லை. இன்னொரு முறை சொல்லு என்றேன். அதற்குள் லைன் போய்விட்டது. அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

பெப்ரவரியில் எனக்கு வேலை போனது. எற்றோபிக்கோவில் ஒரு கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அந்த வருஷம் எல்லா இடத்திலும் ஆட்களை நிறுத்தினார்கள். பார்க்டேலில் இருந்த அப்பார்ட்மென்ற்றை விட்டுவிட்டு, மோர்னிங்சைட் பக்கம் ஒரு வீட்டின் கீழ்த்தள பேஸ்மென்ற்றுக்கு மாறினேன். குடிவரவு அலுவலகத்துக்கு மட்டும் புது விலாசத்தைக் கொடுத்தேன். மற்ற ஒருவருக்கும் கொடுக்கவில்லை. யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

அந்த பேஸ்மென்ற்றுக்குத்தான் கடிதம் வந்தது. இரண்டு விஷயம் கேட்டிருந்தார்கள். ஒன்று, கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்து வைக்க வேண்டிய பொறுப்பேற்புத் தாள், அது கட்டில் இல்லை. இரண்டாவது, என் வருமானத்துக்கு அத்தாட்சி, அதாவது கடைசி வருஷத்துக்கான வரி மதிப்பீட்டுக் கடிதம். தொண்ணூறு நாளுக்குள் வரவேண்டும். வராவிட்டால் விண்ணப்பக் கோவையைத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று எழுதியிருந்தது.

கடிதத்தோடு அந்தப் பொறுப்பேற்புத் தாளின் வெற்றுப் பிரதி ஒன்றையும் வைத்திருந்தார்கள். வாசித்தேன். மூன்று வருஷத்துக்கு என் மனைவியின் உணவுக்கும் உடைக்கும் இருப்பிடத்துக்கும் நானே பொறுப்பு என்று நான் அரசாங்கத்துக்கு வாக்குக் கொடுக்க வேண்டும். அந்த நேரம் தொலைக்காட்சியில், வன்னிச் சண்டைக்குள் அகப்பட்டு, கடற்கரை மணலில் கஞ்சிக்கு வரிசையில் நிற்கிற சனங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் நான் அவளைத் தேடிக்கொண்டிருந்தேன். உணவு, உடை, இருப்பிடம். அந்த மூன்று சொல்லையும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆங்கிலம் விளங்கியது. இவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பது விளங்கவில்லை. அவள் இருக்கிறாளோ தெரியாது, இதற்குள் என்னுடைய வருமானம் எதற்கு?

படிவம் நிரப்பிக் கொடுக்கிற ஒருவர் எங்கள் பக்கத்தில் இருந்தார். ராசன் அண்ணை என்று எல்லோரும் சொல்வார்கள். பலசரக்குக் கடை ஒன்றின் பின்பக்கம் ஒரு மேசை போட்டிருப்பார். நல்ல மனிதர், யாரையும் ஏமாற்றுகிறவர் இல்லை. கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். இப்போது என்ன வேலை என்று கேட்டார். வேலை இல்லை, வேலையிழப்புக் காப்புறுதியில் இருக்கிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அரசாங்கக் காசில் இருக்கிறவன் யாரையும் கூப்பிட முடியாது, இது தெரிந்தால் அன்றைக்கே தட்டிவிடுவார்கள் என்றார்.

வீட்டுக்கு வந்தேன். அந்த ஞாயிறு சபையில் ஒரு சகோதரரிடம் கேட்டேன். அவர் இரண்டு பேருக்கு இவ்வளவு வருமானம் காட்ட வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். இன்னொருவர் அது தாய் தகப்பனைக் கூப்பிடுகிறதுக்குத்தான், மனைவிக்கு இல்லை என்றார். மூன்றாவது ஒருவர், சட்டம் இந்த வருஷம் மாறிவிட்டது என்றார். என்ன மாறியது என்று அவருக்கும் தெரியவில்லை. எல்லாவற்றையும் கடித உறையின் பின்பக்கம் எழுதினேன். எழுதியதை வாசிக்க வாசிக்க, எனக்கு முன்பு தெரிந்ததும் தெரியாமல் போனது.

இரண்டாவது முறை ராசன் அண்ணையிடம் போனபோது, கையெழுத்தைப் பற்றிக் கேட்டேன். அவள் எங்கே என்றே தெரியாது, என்ன செய்வது என்றேன். அவர் கடைப்பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, உந்தக் கையெழுத்தை நீரே வையும். அவவின்ர மற்ற ஃபோமின்ர கொப்பி உம்மட்டை இருக்குத்தானே. பாத்து வைச்சா ஆருக்குத் தெரியப்போகுது? அவ வந்தா, அவவே வைச்ச மாதிரித்தான். வராட்டி..."

அதோடு நிறுத்திவிட்டார். நான் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் சமையல் மேசையில் உட்கார்ந்தேன். அவளுடைய பழைய கையெழுத்தின் பிரதியை வைத்துக்கொண்டு ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தேன். அவள் தமிழில்தான் கையெழுத்து வைப்பாள். வ-வைச் சுழித்து, கடைசி எழுத்தின் கீழே ஒரு கோடு இழுப்பாள். முதலாவது சரிவரவில்லை. இரண்டாவது, மூன்றாவது சரிவரவில்லை. ஏழாவதோ எட்டாவதோ அப்படியே வந்துவிட்டது. பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எது அவளுடையது, எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை.

அப்போது எனக்குப் பயம் பிடித்தது. பொலிஸ் பயமோ குடிவரவுப் பயமோ இல்லை. இந்தத் தாளில் இதை வைத்தால் எல்லாம் சரி. கோவை நகரும். அதற்கு அவள் தேவையில்லை. அவள் இல்லாமலே எல்லாம் நடக்கும். அவள் செத்துப்போனாள் என்று முதன்முதலாகச் சொல்கிற ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று தோன்றியது. கொப்பித் தாளைக் கிழித்தேன். கிழித்ததைத் திரும்பவும் கிழித்தேன்.

நான் சிறுவயதிலிருந்து கோயிலுக்குப் போனவன். சபையில் கை தூக்கிப் பாடியவன். ஆனால் அன்றைக்கு எனக்கு ஜெபிக்கத் தெரியவில்லை. முழங்காலில் நின்றேன். அவளைக் காப்பாற்றும் என்று தொடங்கினேன். அவள் ஏற்கெனவே போய்விட்டால்? அவளுடைய ஆத்துமாவுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. உயிரோடு இருக்கிறவளுக்கு அப்படி ஜெபித்தால் அது சாபம் மாதிரி. இருக்கிறாள் என்றும் சொல்ல முடியவில்லை, இருந்தாள் என்றும் சொல்ல முடியவில்லை. கடைசியாக என் வாயில் வந்தது இவ்வளவுதான்.

"ஆண்டவரே, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. அவள் இருந்தா, அவளே கையெழுத்து வைக்கட்டும்."

ஜெபித்ததும் மனதில் ஒரு சமாதானம் வந்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான். வரவில்லை. எழும்பித் தேநீர் போட்டேன். அது ஆறிப்போனது, குடிக்கவில்லை.

மே மாதம் வந்தது. உங்களுக்கு அந்த மாதத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நாங்கள் எல்லோரும் சண்டையை நிறுத்தச் சொல்லித் தெருவில் நின்றோம். பிறகு முடிந்துவிட்டது என்றார்கள். முடிந்தது என்றால் என்ன என்று எனக்குப் புரியவில்லை. யார் மிச்சம்? எங்கே? ஒருவருக்கும் தெரியாது.

அதற்கு அடுத்த ஞாயிறு நம்முடைய போதகர், உறவுகளை இழந்தவர்கள் எழுந்து நில்லுங்கள், ஜெபிப்போம் என்றார். சபையில் பாதிப் பேர் எழும்பினார்கள். நான் எழும்பவில்லை. பிறகு, உறவுகளின் செய்திக்காகக் காத்திருக்கிறவர்கள் நில்லுங்கள் என்றார். அதற்கும் என்னால் எழும்ப முடியவில்லை. எழும்பினால் காத்திருக்கிறேன் என்று ஆகிவிடும். காத்திருந்து இல்லை என்று வந்தால்? இரண்டு ஜெபத்துக்கும் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பக்கத்தில் சகோதரி புஷ்பம் இரண்டுக்கும் எழுந்து நின்றார். அவருடைய தம்பி ஒருவர் போய்விட்டார். மகனைப் பற்றித் தகவல் இல்லை.

ஜூன் மாதம் முழுக்க நூலகத்துக் கணினியில், தப்பி வந்த சனங்களை அடைத்துவைத்த முகாம்களின் பெயர்ப்பட்டியல்களைத் தேடினேன். வதனி என்ற பெயரில் பலர் இருந்தார்கள். வயது பொருந்தினால் தகப்பன் பெயர் பொருந்தாது. தகப்பன் பெயர் பொருந்தினால் ஊர் பொருந்தாது. ஒருநாள் எல்லாம் பொருந்திய ஒரு பெயரைக் கண்டு எழும்பி நின்றுவிட்டேன். பார்த்தால் அவருக்கு மூன்று பிள்ளைகள்.

தொண்ணூறு நாளில் எழுபதுக்கு மேல் போய்விட்டது. அப்போது ஒருவர் சொல்லி, இலவசமாகச் சட்ட ஆலோசனை கொடுக்கிற ஓர் இடத்துக்குப் போனேன். அங்கே என் வயதில் ஒரு தமிழ்ப் பெண் வேலை செய்தார். உறையின் பின்பக்கம் நான் எழுதி வைத்திருந்ததை வாங்கி வாசித்தார். சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பேனையை எடுத்து ஒவ்வொன்றாக வெட்டினார்.

"அண்ணை, வேலையிழப்புக் காப்புறுதி வேறை, அரசாங்கம் சும்மா குடுக்கிற வெல்ஃபெயர் காசு வேறை. காப்புறுதி நீங்கள் வேலை செய்யேக்கை கட்டின காசு. அதிலை இருந்துகொண்டும் மனுசியைக் கூப்பிடலாம். மனுசிக்கு இவ்வளவு வருமானம் இருக்கவேணும் எண்டும் இல்லை. ஆனா கேட்ட பேப்பரைக் குடுக்கத்தான் வேணும்."

கையெழுத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் கடிதத்தின் திகதியை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, நிலைமையை விளக்கிக் கால அவகாசம் கேட்டு ஒரு கடிதம் எழுதலாம், கொடுப்பார்களா என்று வாக்குத் தர முடியாது என்றார். வெறும் கடிதத்தை அனுப்பாமல், இருக்கிற ஒன்றையாவது சேர்த்து அனுப்புங்கள், வரிக் கடிதத்தை முதலில் எடுங்கள் என்றார்.

வரி அலுவலகத்துக்குக் கோல் எடுத்தேன். அந்தக் கடிதம் ஏற்கெனவே அனுப்பியாயிற்று என்றார்கள். எங்கே என்றேன். பார்க்டேல் விலாசத்தை வாசித்தார்கள். நான் அங்கே இருந்து மாறி மூன்று மாதத்துக்கு மேல்.

ஜூலை முதல் கிழமை. மோர்னிங்சைட்டிலிருந்து பார்க்டேலுக்குப் போக பஸ், பிறகு சப்வே, பிறகு தெருத் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்றீட்கார். ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. நல்ல வெயில். ஸ்றீட்காரில் உட்கார்ந்து நான் கடவுளோடு சண்டை பிடித்தேன். வாய் அசைந்திருக்க வேண்டும், முன்னால் இருந்தவர் வேறு இருக்கைக்குப் போனார். மனைவியைக் கேட்டால் வரிக் கடிதத்தைத் தேடி அலைய வைக்கிறீரே என்று கேட்டேன். அவள் எந்த மண்ணில் கிடக்கிறாளோ, நான் இங்கே என் வருமானத்தை நிரூபிக்கப் போகிறேன் என்று சொன்னேன். இதையெல்லாம் சொன்னதற்காகப் பிறகு மன்னிப்புக் கேட்டேன். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

என் பழைய அப்பார்ட்மென்ற்றில் இப்போது ஒரு திபெத்தியப் பெண் இருந்தார். பெயர் டோல்மா. ஐம்பது வயது இருக்கும். கதவைச் சங்கிலியோடு திறந்தார். நான் முன்பு இங்கே இருந்தவன், என் பெயருக்கு வரிக் கடிதம் ஏதாவது வந்ததா என்று கேட்டேன். அடையாள அட்டை காட்டச் சொன்னார். சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கொடுத்தேன். அதிலும் நான் விலாசம் மாற்றவில்லை, அவருடைய கதவு இலக்கம்தான் இருந்தது. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது அவர் கையில் இரண்டு உறைகள் இருந்தன.

ஒன்று வரி அலுவலகத்துடையது. மற்றது மெல்லிய உறை, இலங்கை முத்திரை, மேலே மங்கலாக ஒரு ரப்பர் முத்திரை. இது வந்து பத்து நாளுக்கு மேல் என்றார். தெரியாத பெயருக்கு வருகிற கடிதத்தை எல்லாம் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவாராம். இதை மட்டும் கொடுக்கவில்லை. ஏன் என்று நான் கேட்டேன். எங்களுக்கும் இப்படியான இடங்களிலிருந்து கடிதம் வரும், அது எப்படி வந்துசேரும் என்று எனக்குத் தெரியும் என்றார். அவருடைய பாஸ்போட் வைக்கிற மேசை லாச்சியில் அதை வைத்திருந்திருக்கிறார்.

உறையின் மேலே இருந்த எழுத்து வதனியுடையது அல்ல.  யாரோ ஒருவர் செய்தி அறிவிக்கிறார் என்று நினைத்தேன். கட்டடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்தேன். உறையைத் திறக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது.

முதலில் வெளியே வந்தது நாலாய் மடித்த ஒரு தாள். விரித்தேன். தண்ணீர் பட்டு ஓரமெல்லாம் மண்ணிறமாக இருந்தது. அது அந்தப் பொறுப்பேற்புத் தாள். குறைகிறது என்று அவர்கள் எழுதியிருந்த அதே தாள். மேலே என்னுடைய கையெழுத்து, 2008இல் நான் வைத்து அனுப்பியது. கீழே அவளுடைய பெயர்.

அதுவும் அவளுடைய கையெழுத்து மாதிரி இல்லை. எழுத்துகள் கோணலாக, ஒரு சின்னப் பிள்ளை எழுதியதுபோல் இருந்தன. யாரோ அவளுக்காக வைத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். நான் செய்யப் பார்த்ததை இன்னொருவர் அங்கே செய்துவிட்டார் என்று நினைத்தேன். பக்கத்தில் திகதியைப் பார்த்தேன். 08-06-09 என்று இருந்தது. எங்கள் வழக்கப்படி பார்த்தால் 2009 ஜூன் எட்டு. சண்டை முடிந்த பிறகு. ஆனால் அந்தப் படிவத்தில் வருஷத்தை முதலில் எழுதச் சொல்லியிருந்தார்கள். அப்படிப் பார்த்தால் 2008 ஜூன் ஒன்பது. படிவங்கள் அவளிடம் போன காலமும் அதுதான். இரண்டும் சரியாக இருந்தது. அவள் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்பது அந்த ஆறு இலக்கத்தை எந்தப் பக்கத்திலிருந்து வாசிப்பது என்பதில் நின்றது. நான் இப்படியும் வாசித்தேன், அப்படியும் வாசித்தேன்.

பிறகுதான் உறைக்குள் இன்னொரு தாள் இருப்பதைக் கண்டேன்.

"நான் இருக்கிறன். வலது கையிலை காயம். பேனை பிடிக்க ஏலாது. பக்கத்துக் கூடாரத்து ரீச்சர் எழுதித் தாறா. கையெழுத்தை நானே இடது கையாலை வைச்சனான். இந்த ஒரு தாளைப் போன வருசம் உங்களுக்கு அனுப்ப விடுபட்டுப் போச்சு. சான்றிதழ் பையோடை இடுப்பிலை கட்டிக்கொண்டு வந்தனான். முகாமுக்குள்ளை தபால் கந்தோர் திறந்திருக்கினம், அதாலை அனுப்புறன். அம்மா மாசியிலை போயிட்டா. தம்பியைக் காணேல்லை."

இதை வாசித்த பிறகும் நான் நம்பவில்லை. அந்த ரீச்சர் என்கிறவர் யாராக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் இன்னும் இரண்டு வரி இருந்தது.

"கலியாணப் பதிவிலை உங்கடை பேரையே பிழையா எழுதி வெட்டின ஆள் நீங்கள். இந்த ஃபோமிலையாவது வெட்டாமல் எழுதுங்கோ."

அது நடந்தது உண்மை. பதிவாளர் என்னை முறைத்தார். வதனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதை எழுதச் சொல்ல இந்த உலகத்தில் அவள் ஒருத்தியால்தான் முடியும். நான் படிக்கட்டில் இருந்து சத்தமாக அழுதேன். சிரித்தேனா என்றும் தெரியவில்லை. டோல்மா ஒரு கோப்பையைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். தேநீர் உப்பாக இருந்தது. என் கண்ணீர் விழுந்ததா, அவர் சீனி என்று நினைத்து உப்பைப் போட்டாரா என்று குழம்பினேன். அவர்கள் அப்படித்தான் குடிப்பார்கள் என்று பிறகுதான் அறிந்தேன்.

சகோதரர்களே, சகோதரிகளே, நான் என்ன கேட்டேன் என்று உங்களுக்குச் சொன்னேன். அவளே கையெழுத்து வைக்கட்டும் என்று கேட்டேன். அவளே வைத்தாள். நான் அப்படிக் கேட்டபோது அந்தத் தாள் அவள் இடுப்பில் இருந்தது. வரிக் கடிதத்தை அவர்கள் கேட்டிருக்காவிட்டால் நான் பார்க்டேலுக்குப் போயிருக்க மாட்டேன். நான் விலாசத்தை ஒழுங்காக மாற்றியிருந்தால் வரிக் கடிதம் மோர்னிங்சைட்டுக்கே வந்திருக்கும், அப்போதும் போயிருக்க மாட்டேன். என்னுடைய மறதியையும் கவலையீனத்தையும்கூட ஆண்டவர் வீணாக விடவில்லை. அது எப்படி என்று எனக்கு விளக்கத் தெரியாது.

அந்த இரண்டு தாளையும் சேர்த்துத் தவணைக்கு ஆறு நாள் இருக்கும்போது அனுப்பினேன். திகதிக்குப் பக்கத்தில் மாதத்தின் பெயரை எழுதி ஒரு விளக்கக் கடிதமும் வைத்தேன். அந்தச் சட்ட ஆலோசனைப் பெண் அதைத் திருத்திக் கொடுத்தார். கோவையை எடுத்துக்கொண்டார்கள். அந்த வருஷ முடிவில் வதனியை முகாமிலிருந்து விட்டார்கள். எனக்கும் பாண், கேக் செய்கிற ஒரு வெதுப்பகத்தில் வேலை கிடைத்தது.

அடுத்த வருஷம் கொழும்பில் கனடியத் தூதரகத்தில் அவளுக்கு நேர்முகம். அங்கே நடந்ததை அவள் எனக்குப் பிறகு சொன்னாள். அதிகாரி அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்திருக்கிறார். மற்றப் படிவங்களில் ஒரு கையெழுத்து, இதில் வேறு கையெழுத்து, இதை யார் வைத்தது என்று கேட்டிருக்கிறார்.  அவள் சட்டைக் கையை மேலே தூக்கி வலது கையைக் காட்டினாள். பிறகு பேனையை இடது கையில் வாங்கி, ஒரு வெற்றுத் தாளில் தன் பெயரை எழுதினாள். அதே கோணல். அவர் இரண்டையும் பார்த்துவிட்டுத் தாளை மூடினார். வேறு அதிகம் கேட்கவில்லையாம்.

நான் அந்தச் சனிக்கிழமை அழகாக எழுதிய கையெழுத்தை வைத்து அனுப்பியிருந்தால் அங்கே என்ன நடந்திருக்கும்? இது நீ வைத்ததா என்று கேட்டிருந்தால் வதனி பொய் சொல்ல மாட்டாள். 

2010 ஐப்பசியில் பியர்சன் விமான நிலையத்தில் அவள் வந்து இறங்கினாள். ஐந்து வருஷத்துக்குப் பிறகு அவளைக் கண்டேன். என்னைக் கண்டதும் அவள் அழவில்லை. "மெலிஞ்சு போனியள்," என்றாள். அவள்தான் பாதியாகி வந்திருந்தாள்.

இதை நான் இரண்டு வருஷமாகச் சபையில் சொல்லவில்லை. போதகர் பல தடவை கேட்டார். நான் தட்டிக்கழித்தேன். காரணம் சகோதரி புஷ்பம். அவருடைய மகனைப் பற்றி இன்று வரை ஒரு செய்தியும் இல்லை. அவர் என்னைவிட அதிகமாக, என்னைவிட ஒழுங்காக ஜெபித்தவர். அவருக்கு முன்னால் நின்று, நான் கேட்டேன் கிடைத்தது என்று எப்படிச் சொல்வது? எனக்கு ஏன் கிடைத்தது, அவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று நானும் ஆண்டவரிடம் கேட்டேன். பதில் வரவில்லை. வதனியும் தன் தம்பிக்காக இன்றும் ஜெபிக்கிறாள். ஒரே வீட்டில் ஒரு ஜெபத்துக்குப் பதில் வந்திருக்கிறது, மற்றதுக்கு வரவில்லை. எனக்கு இது விளங்கவில்லை. விளங்கியதுபோல நடிக்க மாட்டேன்.

போன மாதம் கதிரை அடுக்கும்போது புஷ்பம் அக்கா என்னிடம் வந்தார். அவரே கதையைத் தொடங்கினார்.

"தம்பி, நீர் எனக்காகத்தான் சாட்சி சொல்லாமல் இருக்கிறீர் எண்டு எனக்குத் தெரியும். எனக்காக வாயை மூட வேண்டாம். ஆருக்காவது கிடைச்சுது எண்டு கேள்விப்பட்டால்தான் நானும் ஆண்டவரிட்டைக் கேட்டுக்கொண்டு இருப்பன்."

அதனால்தான் இன்றைக்கு எழுந்து நிற்கிறேன். அக்கா அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார்.

ஆண்டவர் எனக்குச் செய்ததற்கு நன்றி. தெரியாத ஒருவரின் கடிதத்தைத் தன் பாஸ்போட்டோடு வைத்திருந்த அந்தப் பெண்ணுக்கு நன்றி. முகாமில் எழுதிக் கொடுத்த ரீச்சருக்கும் நன்றி, அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. இதெல்லாம் நடப்பதற்கு முன்பு நான் எப்படிப்பட்டவன் என்று உங்களில் சிலருக்குத் தெரியும். கேட்பதற்கு முன்பே என்ன வரவேண்டும் என்று ஆண்டவருக்குச் சொல்லிக் கொடுக்கிறவன். இப்போது அப்படி இல்லை. சனிக்கிழமைகளில் கீழ் மண்டபத்தில் நானும் வதனியும் இருக்கிறோம். கடிதம் வந்து விளங்காமல் நிற்கிறவர்கள் கொண்டுவாருங்கள், சேர்ந்து வாசிப்போம். எனக்கு விளங்காததை, விளங்குகிறவரிடம் அனுப்புவேன்.

இங்கே இருக்கிறவர்களில் இன்னும் செய்தி வராதவர்கள் இருக்கிறீர்கள். என்ன கேட்பது என்று தெரியாததால் ஜெபிக்காமல் இருக்கிறவர்களும் இருக்கிறீர்கள். போதகர் இப்போது ஜெபிக்கப் போகிறார். நான் அன்றைக்கு கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்ததுபோல இருக்க வேண்டாம். எந்த ஜெபத்துக்கு எழும்புவது என்று தெரியாவிட்டாலும் எழும்புங்கள். குழம்பிய மனதோடு நான் கேட்டதையும் ஆண்டவர் கேட்டார். அக்காவும் எழும்புகிறார். நான் அவருக்குப் பக்கத்தில் போய் நிற்கிறேன்.